உள்ளே இருக்கிறவன்

திண்டுக்கல் நாகல் நகருக்குப் பின்னால் சோலைமுத்துவின் வளவில் ஐந்து வீடுகள். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக, வீட்டுக்கு ஓர் அறையும் அடுப்படியும். கடைசி வீடு செபாஸ்தியம்மாளுடையது. அந்த வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தால் அவள் மகன் அருள்நாதன் உள்ளே தூங்குகிறான் என்று அர்த்தம். அவனுக்கு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் இரவு ஷிப்டு. அடுப்படிக் கதவைத் திறந்து பின்சந்தில் இறங்கினால் மில் பஸ் நிற்கிற இடம் கிட்ட. அதனால் அவன் போவதும் வருவதும் வளவில் யார் கண்ணிலும் படுவதில்லை. செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு மணிமேகலை தன் பிள்ளைகளை அதட்டுவாள்.

“ஏலே, பந்தைத் தூக்கிட்டு அங்குட்டுப் போங்க. அருளு அண்ணன் தூங்குதுல்ல.”

பெரியவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். சின்னவள் கொலுசு குலுங்காமல் நுனிக்காலில் நடப்பாள். தண்ணீர் பிடிக்கிற பெண்கள்கூடக் குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பார்கள்.

ஆடி பிறந்ததிலிருந்து அந்த வளவு இப்படி மூச்சடக்கி நடந்ததெல்லாம் ஆளில்லாத ஒரு வீட்டுக்காக. அருள்நாதன் ஜெயிலில் இருந்தான். காலையில் அவனுடைய பழைய செருப்பை வாசலில் போட்டதும் பொழுது சாய எடுத்து உள்ளே வைத்ததும் செபாஸ்தியம்மாள்தான். ஞாயிற்றுக்கிழமை யாராவது கேட்டால், “ஓவர்டைம் பாக்குறான்” என்பாள்.

அவள் சித்தையன்கோட்டைப் பக்கம் பிறந்தவள். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். வாய்க்காலில் தண்ணீர் வந்த வருஷம் நெல், வராத வருஷம் சோளம். இஞ்ஞாசியைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். அவன் வெங்காயப்பேட்டையில் லோடுமேன். லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு ஓட்டமாக நடக்கிற ஆள், மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில் இருமத் தொடங்கினான். இளைத்தான். மூட்டை தூக்குகிறவனுக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்யும் என்றார்கள் சிலர். குடிக்கிறவன் உடம்பு உருகத்தான் செய்யும் என்றார்கள் வேறு சிலர். மாதா கோயில் சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசிவிட்டுப் போன மறுநாள் செத்துப்போனான். சளியை எடுத்து யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ‘இளைப்பு’ என்று சொல்லிப் புதைத்துவிட்டு வந்தார்கள். காசநோயில் இந்த வருஷம் நாட்டில் இத்தனை பேர் செத்தார்கள் என்று எங்கோ ஒரு தொகை எழுதுவார்களே, அதில் இஞ்ஞாசி இல்லை.

அவன் விட்ட இடத்துக்கே அவள் வேலைக்குப் போனாள். பேட்டையில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிவைத்து, தாளும் வேரும் கிள்ளி, அழுகலைப் பொறுக்கி, பெரிசு சிறிசாகப் பிரித்துப் போடுகிற வேலை. காற்றடித்தால் சருகு பறந்து மூக்கிலும் தொண்டையிலும் ஏறும். வரிசையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் இருமுவார்கள். அருள் வளர்ந்து மில்லுக்குப் போனபின் அவனும் இருமினான். “ஆத்தாளுக்குச் சருகு, மகனுக்குப் பஞ்சு. வீடே இருமிக்கிட்டுச் சோறு திங்குது” என்று பேட்டைப் பெண்கள் கேலி பேசுவார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்தால் இன்னும் இருமல் வரும்.

மில்லுக்கு எக்ஸ்ரே வண்டி வந்த பிறகுதான் அவனுடைய இருமல் பஞ்சால் வந்தது இல்லை என்று தெரிந்தது. காசநோய்ப் பிரிவிலிருந்து கீர்த்தனா என்கிற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். சின்ன வயசு. பேச்சில் மட்டும் கண்டிப்பு. செம்மண் நிறத்தில் மாத்திரை அட்டைகளைக் கொடுத்து, மாசாமாசம் வந்து காலி அட்டையை வாங்கிக்கொண்டு புது அட்டை தருவேன் என்றாள்.

“ஆறு மாசம்மா. இருமல் நின்னுரும், சதை போடும், அப்பத்தான் ஏமாந்துருவீங்க. ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டா திரும்பி வாரது இந்த மாத்திரைக்குக் கட்டுப்படாது.”

அவள் சொன்னபடியே இரண்டு மாசத்தில் இருமல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. வளவில் யாருக்கும் வியாதியின் பேர் தெரியாது. சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தாள் செபாஸ்தியம்மாள்.

அந்த நேரத்தில்தான் மில்லுக்கு எதிர்த்த டீக்கடையில் சண்டை வந்தது. யாரோ கல்லை எறிய, யாரோ ஒருத்தன் மண்டை உடைந்தது. நின்றவர்களில் மூன்று பேரைப் போலீஸ் அங்கிருந்தே வேனில் ஏற்றியது. கல்லை எறிந்தது தான் இல்லை என்றான் அருள். அவள் நம்பினாள். நம்பாவிட்டாலும் மனு பார்க்கப் போயிருப்பாள். ஜெயிலில் இருக்கிறவனைப் பார்க்க மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்கு ஊரில் அதுதான் பேர். ஜாமீனுக்கு, சொத்து வரி ரசீது உள்ள இரண்டு ஆள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் வக்கீல். ஆள் கேட்கப் போனால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். விஷயம் சோலைமுத்து காதுக்குப் போகும். முன்பு மூன்றாம் வீட்டில் குடியிருந்தவனைத் தேடிப் போலீஸ் வந்தபோது அவர் வாசலில் நின்று சொன்னதை அவள் காதால் கேட்டிருக்கிறாள்: “போலீஸ் ஏறி இறங்குற வீடு நமக்கு ஆகாது. சாமானை எடுத்து வையி.”

அருள் போனபின் கீர்த்தனா முதல்முறை வந்தது ஒரு காலை நேரம். குழாயடியில் மணிமேகலை துணி அலசிக்கொண்டிருந்தாள். முன்வீட்டு வாசலில் சோலைமுத்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அருள் அண்ணன் எங்கம்மா?”

செபாஸ்தியம்மாள் வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் வந்தது அந்த ஒரு சொல்தான்.

“உள்ள இருக்கான்.”

நம் ஊரில் அதற்கு இரண்டு அர்த்தம். வீட்டுக்குள்ளே இருக்கிறான் என்பது ஒன்று. மற்றது எல்லாருக்கும் தெரியும். கீர்த்தனா வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நைட் ஷிப்டா? தூங்கட்டும், எழுப்பாதீங்க. மாத்திரை ஒழுங்காப் போடுதுல்ல?”

தலை தானாக ஆடியது. ஸ்கூட்டி சந்து திரும்பும்வரை செபாஸ்தியம்மாள் அப்படியே நின்றாள். பொய் சொல்லவில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். சொன்னது உண்மைதானே. உள்ளேதானே இருக்கிறான். அந்தப் பெண் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய?

அடுத்த மனுவுக்கு மாத்திரை அட்டையை மடியில் கட்டிக்கொண்டு போனாள். வாசலில் சோதனை போட்ட ஏட்டு அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெளி மாத்திரை உள்ள போகாதும்மா. என்ன வியாதிக்கு?”

“சும்மா… சத்து மாத்திரை சார்.”

“உள்ள டாக்டர் இருக்காரு. ஏதாச்சும்னா மகனை அவருகிட்டச் சொல்லச் சொல்லு. இல்ல, இதைக் குடுத்த ஆஸ்பத்திரில போயி ஆளு இங்க இருக்கான்னு சொல்லு. அவங்களே பேசி அனுப்பிருவாங்க. அம்புட்டுத்தான் வேலை.”

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற மகனிடம் அதைச் சொன்னாள். சுற்றிலும் பத்துப் பேர் கத்திப் பேசுகிற இரைச்சல். அவன் வலையோடு வாயை ஒட்டி, “வேணாம்மா” என்றான். “டிபின்னு தெரிஞ்சா ஒரு பய பக்கத்துல உக்கார மாட்டான். தனியாப் போட்டுருவாங்க. எனக்குத்தான் இருமல் நின்னுருச்சுல்ல? வெளிய வந்து போட்டுக்கிறேன்.”

ஜெயிலில் அவன் வியாதியை மறைத்தான். வியாதிக்காரர்கள் கணக்கில் அவள் ஜெயிலை மறைத்தாள். நடுவே மாத்திரை நின்றுபோனது.

அதன்பின் அவள் ஒன்று செய்தாள். காலையில் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுப்பாள். எறிய மனசு வராது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைப்பாள். மாசம் முடிந்தால் கீர்த்தனா கையில் காலி அட்டை. கீர்த்தனா போனில் ஏதோ தட்டுவாள். “எங்க ஏரியாவுலயே உங்க வீடுதான்மா கரெக்ட்டு” என்று ஒருமுறை சொன்னாள். பாட்டில் நிறைந்துகொண்டே வந்தது. இருமல்தான் நின்றுவிட்டதே என்பதைப் பிடித்துக்கொண்டே செபாஸ்தியம்மாள் நாளை ஓட்டினாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மனு. வலைக்கு அந்தப் பக்கம் வந்தவனை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, காது மட்டும் பெரிசாக, இஞ்ஞாசி கடைசியில் இருந்த மாதிரி இருந்தான். பேச வாய் திறந்ததும் இருமல். முகத்தைத் திருப்பி முழங்கையில் புதைத்துக்கொண்டான். கையை எடுத்தபோது சட்டையில் சிவப்பாக இருந்ததை அவன் மறைக்கப் பார்த்தான். மறைக்கத் தெரிந்தவர்களுக்கு மறைப்பது தெரியாதா?

“சளிம்மா. மழைக்கு.”

“உள்ள டாக்டருகிட்டச் சொல்லு அப்பு. இன்னைக்கே சொல்லு. எனக்காகச் சொல்லு.”

அவன் தலையை ஆட்டினான். சொல்லுவான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் கீர்த்தனா வருகிற முறை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததால் வளவே வாசலில் இருந்தது. மணிமேகலை பிள்ளைகளை, “சத்தம் போடாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சோலைமுத்து பேப்பரோடு இருந்தார்.

“அட்டை குடுங்கம்மா. அண்ணன் தூங்குதா?”

செபாஸ்தியம்மாள் உள்ளே போனாள். வரும்போது கையில் அட்டை இல்லை. முறத்தைக் கீழே வைத்து அதில் பாட்டிலைக் கவிழ்த்தாள். செம்மண் நிற மாத்திரைகள் முறம் நிறையக் கொட்டி உருண்டன.

“உள்ள இருக்கான்னு சொன்னேன்ல தாயி. இந்த உள்ள இல்ல.” குரல் தெருவுக்கே கேட்டது. “ஜெயிலு. ஜெயில்ல உள்ள இருக்கான் எம் மகன். ஆடிலருந்து. ஒரு மாத்திரை போடல. நேத்துப் பாத்தேன், ரத்தமா இருமுறான்.”

குழாய் ஊற்றிக்கொண்டே இருந்தது. யாரும் அதை மூடவில்லை. கீர்த்தனா முறத்தையே பார்த்தாள்.

“என்னம்மா இது! நான் மாசாமாசம் போட்டுக்கிட்டு இருக்கேன், ஒழுங்காச் சாப்பிடுறாருன்னு. ஒரே ஒரு வார்த்தைம்மா. ஜெயிலுக்கும் எங்களுக்கும் போன்ல முடியிற வேலை. அங்கயே குடுத்திருப்பாங்களே!”

“தெரியும் தாயி. ஏட்டு சொன்னாரு.”

அதற்குமேல் அவளைத் திட்ட அந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை. அங்கேயே நின்று யார் யாருக்கோ போன் போட்டாள். அருள்நாதன், வயது, எந்த ஜெயில், எப்போதிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். செபாஸ்தியம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை. சோலைமுத்து பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று அவள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

“ஜாமீனுக்கு ஆளு இருக்கா?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

“வீட்டு வரி ரசீது என்கிட்ட இருக்கு. என் மச்சினனையும் கூட்டிட்டு வாரேன்.” நாலு எட்டு நடந்தவர் திரும்பினார். கோபம் அப்போதுதான் வந்தது அவருக்கு. “ஏம்மா, இம்புட்டு வருஷமா ஒரே வாசல்ல கிடக்கோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? நான் என்ன மனுசனைக் கடிச்சா திங்கிறேன்?”

“மூணாம் வீட்டுக்காரனை…”

“அவன் என் மோட்டாரையே கழட்டி வித்த பயம்மா! அவனும் உன் மகனும் ஒண்ணா?”

அன்று அவள் அழுதது மகனுக்காக இல்லை. ஆடியிலேயே இந்த மனுஷனிடம் சொல்லியிருந்தால் என்ன என்று அழுதாள்.

அன்றே ஜெயில் டாக்டர் அருளைக் கூப்பிட்டுச் சோதித்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பழைய மாத்திரைக்குக் கட்டுப்படாத கிருமி என்றார்கள். கையெழுத்து, கோர்ட்டு, விடுமுறை என்று ஜாமீனுக்கு நடையாக நடந்து, பொங்கல் கழிந்துதான் அது கிடைத்தது. அதற்குள் நெஞ்சு இரண்டு பக்கமும் அரித்துப்போயிருந்தது. புது மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தாங்குகிற உடம்பு அவனிடம் இல்லை. ஒரு கட்டத்தில் பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் கூட்டிப்போகலாம், கீர்த்தனா வீட்டுக்கே மருந்து கொண்டுவருவாள் என்றார். அவர் சொல்லாததும் அவளுக்கு விளங்கியது.

ஆட்டோவில் வந்து இறங்கினான். மணிமேகலையும் அவளும் இரண்டு பக்கமும் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்கள். வாசலில் அவன் செருப்பைக் கழற்றி விட்டான். செபாஸ்தியம்மாள் அதை நேராக எடுத்து வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் வந்தாள். இஃப்பத் என்று பேர் சொன்னாள், பேகம்பூர்க்காரி. நாடு முழுக்க வீடு வீடாக எடுக்கிற சுகாதாரக் கணக்கெடுப்பு என்றாள். கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப் வைத்திருந்தாள்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?”

“ரெண்டு பேரு. நானும் எம் மகனும்.”

“மகன் எங்க?”

“உள்ள இருக்கான்.”

இஃப்பத் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெதுவாக, வலிக்காத மாதிரி சொன்னாள். “தெரியும்மா. போன மாசம் வீட்டுக்கு நம்பர் போட வந்தப்பவே பக்கத்துல சொன்னாங்க. ஜெயில்ல இருக்கிறவங்களை வீட்டுக் கணக்குல சேர்க்க மாட்டோம். இந்த வீட்டுல தங்குறவங்க மட்டும்தான். அப்ப நீங்க ஒரு ஆளுன்னு போட்டுக்கிறேன்.”

செபாஸ்தியம்மாளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்ல தாயி, இல்ல. இங்ஙன உள்ள. இந்த வீட்டு உள்ள. வந்து பாரு.”

திரையை விலக்கினாள். சன்னலோரக் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான் அருள். படுத்தால் மூச்சு முட்டும். இஃப்பத் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

“அண்ணே, நேத்து ராத்திரி இந்த வீட்டுலதான் படுத்தீங்களா?”

அவன் பதில் சொல்லப் பார்த்தான். முதல் தடவை மூச்சு வரவில்லை. அம்மா சொல்ல வாயெடுத்ததும் கையைத் தூக்கி நிறுத்தினான்.

“ஆமா. இங்கதான்.”

இஃப்பத் தட்டினாள். அடுத்த கேள்வியை அவள் வாசலில் கூடிய ஆட்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள். வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா என்று.

“இருக்கு” என்றாள் செபாஸ்தியம்மாள். “எம் மகனுக்கு டிபி இருக்கு. அவங்க அப்பாவுக்கும் அதுதான் இருந்திருக்கும், அன்னைக்கு யாரும் கேக்கல. சத்தமாவே கேளு தாயி, நான் சத்தமாவே சொல்றேன்.”

இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டு போனாள் இஃப்பத்.

அதன்பின் பிள்ளைகள் மறுபடி நுனிக்காலில் நடந்தார்கள். இந்த முறை யாரும் அதட்டவில்லை, அவர்களாகவே. மணிமேகலை ரசம் வைத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். சோலைமுத்து தினமும் வந்து, “என்ன அருளு, இன்னைக்குத் தேவலையா?” என்று வெளியிலிருந்தே கேட்பார். தவக்காலம் தொடங்கி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், வெளியே ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில், அருள்நாதன் அம்மாவின் தோளில் சாய்ந்தபடி போய்விட்டான். கொஞ்ச நேரம் வரைக்கும் அவள் அவன் தூங்குகிறான் என்றுதான் நினைத்தாள்.

இஞ்ஞாசிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. கீர்த்தனா வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் எட்ட நின்று அழுதாள். தன் கணக்கில் இனி அவனை எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். செபாஸ்தியம்மாள் நினைத்தது மற்ற கணக்கை. பேகம்பூர்ப் பெண் எழுதிக்கொண்டு போனதை யாரும் திருத்தப் போவதில்லை. அதில் இந்த வீட்டில் இரண்டு பேர். அவன் உள்ளேதான் இருக்கிறான். அது அப்படியே இருக்கட்டும் என்று அவளுக்கு இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவள் மறுபடி பேட்டைக்குப் போகத் தொடங்கிய பிறகும், பிள்ளைகள் கடைசி வீட்டருகே வந்தால் பந்தை இடுக்கிக்கொண்டார்கள். சின்னவள் நுனிக்காலில் நடந்தாள். ஒரு சாயங்காலம் செபாஸ்தியம்மாள் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், பெரியவன் கக்கத்திலிருந்து பந்தை வாங்கி, வாசல் நடுவில் போட்டாள்.

“விளையாடுங்கப்பு. நல்லாச் சத்தம் போட்டு விளையாடுங்க. உள்ள யாரும் இல்ல.”